கப்பலைத் தொட மாட்டார்கள்

பியாட்ரிஸ் அன்றைக்குச் செருப்பைக் கழற்றாமலே அலுவலகத்துக்குள் வந்தாள்.

ஒன்பது வருடமாக என் வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறாள். வந்ததும் செருப்பை வாசலில் ஓரமாக விடுவாள், கைப்பையை ஆணியில் மாட்டுவாள், ஜன்னலைத் திறந்து வைப்பாள், அதற்குப் பிறகுதான் என் பக்கமே திரும்புவாள். கட்சிக்காரர்கள் இருந்தால் நான் மேடம். இல்லாவிட்டால் அக்கா. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அன்றைக்கு நேராக வந்து, நான் புரட்டிக்கொண்டிருந்த வாடகை வழக்குக் கட்டின் மேல் தன் செல்போனை வைத்தாள். திரையில் நான்தான். அரக்கு நிறப் பட்டு, கையில் மைக், கூரையைக் குத்துகிற மாதிரி நீட்டிய விரல். ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றத்தில் நான் பேசியதை யாரோ இரண்டு நிமிடத்துக்கு வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அது எனக்கும் வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து அதை நான்கு முறை பார்த்திருந்தேன்.

"நல்லா வந்திருக்குல்லா?" என்று கேட்டேன்.

"அக்கா, இதப் பாத்துட்டுத்தான் அவிய கையெழுத்துப் போடப் போறாவளாம்."

'அவிய' என்றால் அவள் கணவர் கிளீட்டஸ். சரக்குக் கப்பலில் மாலுமி. வளைகுடாவில் போர் தொடங்கியதிலிருந்து அவருடைய கப்பல் ஜலசந்திக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பதினோரு நாள் ஆகியிருந்தது. இப்போது கம்பெனி ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டது. ஜலசந்திக்குள் வரச் சம்மதமா, இல்லையா? சம்மதம் என்றால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். போர் நடக்கிற கடலுக்குள் போக மாட்டேன் என்று சொல்ல அவருடைய ஒப்பந்தத்திலேயே உரிமை உண்டு. அன்று மாலை நான்கு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றேகால்.

சீட்டு எடுக்கிற ஊர்

போன வாரம் இந்தத் தொடரில் என் முதல் வழக்கில் நான் தோற்ற கதையை எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. நான் தோற்றதில் வாசகர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த வாரம் நான் ஜெயித்த கதை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் மன்றத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டிமன்றம் நடத்துகிற சிறிய கூட்டம் அது. கடல் தொழில் பார்க்கிறவர்கள், பஜாரில் கடை வைத்திருக்கிறவர்கள், காயல்பட்டினத்துப் பெரியவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தலைப்பை முடிவு செய்த பிறகு, பேசப்போகிறவர்கள் ஒரு எவர்சில்வர் டம்ளரிலிருந்து சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் பேச வேண்டும். மனதுக்குள் என்ன நினைக்கிறோம் என்பதை மேடையில் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

இந்த வழக்கம் சும்மா வரவில்லை. நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் அக்கரையில் சண்டை நடந்தது. அக்கரை என்றால் எங்களுக்கு இலங்கை. என் அப்பாவுக்கு வெங்காய மண்டி. அவர் மூட்டை கட்டிய வெங்காயம் தோணியில் ஏறிக் கொழும்புக்குப் போகும். அங்கே குண்டு வெடித்தால் இங்கே எங்கள் மண்டியில் வெங்காயம் முளைவிடும். அப்போது நம் நாட்டுப் படை அக்கரைக்குப் போனது. போனது சரியா, தவறா என்று மன்றத்தில் தலைப்பு வைத்தார்கள். அந்தக் காலத்தில் சீட்டு கிடையாது. அவரவர் நம்பியதை அவரவர் பேசினார்கள். ஏழரை மணிக்கு முதல் நாற்காலி பறந்தது.

சமாதானம் செய்யப் போன அப்பா சட்டைப் பை கிழிந்து வீட்டுக்கு வந்தார்.

"ஒங்களுக்கு அதுல எந்தப் பக்கம்?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு நடுப் பக்கம். அதான் ரெண்டு பக்கத்துக்காரனும் அடிச்சான்," என்றார் அப்பா.

அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் மன்றமே நடக்கவில்லை. மறுபடி தொடங்கியபோதுதான் சீட்டு வந்தது. யார் எந்தப் பக்கம் பேசினாலும் அது அவர்களுடைய சொந்தப் பேச்சு இல்லை என்று ஊருக்கே தெரியும். கோபப்பட ஆள் இல்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று நான் பல ஊர்களில் பெருமையடித்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்றாலும் வாதாடுகிற தொழில் என்னுடையது, அதனால் அந்த டம்ளர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கயத்தாறு சுற்றி வந்தவர்

இந்தத் தடவை தலைப்பு வளைகுடாப் போர். எந்தப் போர் என்று விவரமாகச் சொல்லப்போவதில்லை. இது அச்சாகி வருவதற்குள் அடுத்தது தொடங்கியிருந்தாலும் இருக்கும். பெரிய நாடு ஒன்று, எதிரி நாளைக்கு அடிப்பான் என்று சொல்லி இன்றைக்கே போய் அடித்தது. அது சட்டப்படி செல்லுமா, அப்படியே செல்லும் என்றாலும் புத்திசாலித்தனமா என்பதுதான் விவாதம். டீக்கடையிலிருந்து கோர்ட்டு வராந்தா வரைக்கும் எங்கள் ஊரில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. வீட்டுக்கு வீடு ஒரு ஆள் கப்பலிலோ, அரபு நாட்டிலோ இருக்கிற ஊர். பேசாமல் எப்படி இருப்பார்கள்?

என் சொந்த அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், அது கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அளவுக்குத் தவறான போர். ஐ.நா. சாசனத்தில் தற்காப்புக்கு இடம் இருக்கிறது. சந்தேகத்தின் பேரில் போய் அடிப்பதற்கு இடம் இல்லை. காலையில் செய்தி பார்க்கும்போது டிவியைப் பார்த்துத் திட்டுவேன். என் வீட்டுக்காரர் காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

டம்ளரில் கையை விட்டேன். 'போர் சட்டப்படி சரியே' என்று வந்தது.

எதிர்ப்பக்கம் வந்தவர் தனராஜ் சார். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு நோட்டு நிறையக் குறிப்பெடுத்து வருவார், அதில் பாதியைப் படிப்பதற்குள் மணி அடித்துவிடும். அவருக்கு அன்று அதிர்ஷ்டம், மனதில் இருந்ததே சீட்டிலும் வந்திருந்தது. நன்றாகத்தான் பேசினார்.

"கயத்தாறுலயும் ஒரு விசாரணை நடந்துச்சு. குற்றத்த வாசிச்சாவ. சாட்சி வந்தாவ. எல்லாம் முறைப்படி. ஆனா சட்டத்த எழுதுனவனும் கம்பெனிக்காரன், தீர்ப்பு சொன்னவனும் கம்பெனிக்காரன். கடைசியில பாஞ்சாலங்குறிச்சிக்காரரு புளியமரத்துல தொங்குனாரு. சட்டப்படிங்கிற வார்த்தைய கேட்டா எனக்கு அந்தப் புளியமரம்தான் ஞாபகம் வருது," என்றார்.

சபை அப்படியே அமைதியாகிவிட்டது. என் முறை அடுத்தது. அந்த அமைதியை உடைக்காவிட்டால் நான் தோற்றேன் என்று எனக்குத் தெரிந்தது.

"நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குக் கயத்தாறு சுத்தி வந்த ஒரே ஆளு நம்ம தனராஜ் சார்தான்," என்று ஆரம்பித்தேன்.

கூரை அதிர்ந்தது. தனராஜ் சாரும் சிரித்தார், பாவம். அதன் பிறகு எனக்குக் காலே தரையில் இல்லை. அடுத்த வீட்டுக்காரன் மொட்டை மாடியில் கல் அடுக்குகிறான், முதல் கல் உங்கள் தலையில் விழும் வரை பார்த்துக்கொண்டிருப்பீர்களா என்று கேட்டேன். கைதட்டல். வீடு கட்டவும் கல் அடுக்குவார்கள் என்று தனராஜ் சார் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் காதில் விழுந்தது. நல்ல பதில்தான். நான் கேட்காத மாதிரி அடுத்ததுக்குப் போய்விட்டேன்.

அப்புறம்தான் அதைச் செய்தேன்.

பியாட்ரிஸ் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பேசும்போதெல்லாம் வருவாள்.

"போருன்னா மாலுமிகளுக்கு ஆபத்துன்னு சார் சொன்னாங்க. இந்தச் சபையிலயே ஒரு மாலுமியோட மனைவி இருக்காங்க. அவுங்க வீட்டுக்காரர் கப்பல் இப்ப அந்தக் கடல்லதான் நிக்குது. பியாட்ரிஸ், எந்திரிம்மா," என்றேன்.

எழுந்து நின்றாள்.

"ராத்திரி நிம்மதியாத் தூங்குறியாம்மா?"

சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"பாத்தீங்களா? ஏன் தூங்குறாங்க? சட்டம் காவலுக்கு இருக்கு. போர்க்கப்பல் போர்க்கப்பலோட மோதும். வணிகக் கப்பலைத் தொட மாட்டாங்க. தொட்டா உலகமே கேக்கும்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நடுவர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் புடவையை மடிக்கும்போதுகூட நான் அதே வரிகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்குள்

மறுபடி அலுவலகக் கதைக்கு வருகிறேன். மணி பதினொன்றேகால்.

"ஏளா, நான் சீட்டு எடுத்துத்தான் பேசினேன்னு அவர்கிட்ட சொல்லு. அவ்வளவுதான விஷயம்?" என்றேன்.

"அது அவியளுக்குத் தெரியும்க்கா. இந்த ஊர்க்காரவியதான."

"பின்ன?"

பியாட்ரிஸ் செல்போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடி ஓட விட்டாள். என் குரல் பேசியது. ஒரு இடத்தில் விரலால் நிறுத்தினாள். இரண்டாவது வரிசையில் அவள் எழுந்து நின்று சிரிக்கிற இடம்.

"ராத்திரி நீ தூங்குறியா?" என்று கேட்டேன். இந்தத் தடவை மைக் இல்லை.

"கப்பல் நின்ன அன்னையிலேர்ந்து இல்லக்கா."

"அன்னைக்கு ஏன் தலையாட்டின?"

"நீங்க கேட்டிய. அத்தன பேரு முன்னால நின்னுக்கிட்டு இல்லன்னா சொல்ல முடியும்?"

கோபமே இல்லாமல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்பது வருடமாக எனக்காக மனுக்களை டைப் அடிக்கிற பெண். அவளுடைய புருஷன் உயிரை நான் கைதட்டலுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இரண்டு பேரும் மாறி மாறி கிளீட்டஸை அழைத்தோம். கிடைக்கவில்லை. மதியம் இரண்டு மணி வழக்குக்கு ஜூனியரை அனுப்பினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இரண்டே முக்காலுக்கு அவரே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன், காற்றின் சத்தத்துக்கு நடுவில் குரல் விட்டு விட்டு வந்தது.

நான் வக்கீல் பாஷையில் ஆரம்பித்தேன். ஒப்பந்தத்தில் உரிமை இருக்கிறது, மறுத்தால் கம்பெனி ஒன்றும் செய்ய முடியாது, நான் பேசியது சீட்டில் வந்தது, தயவுசெய்து அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீய. ஒங்க பேச்ச நான் நம்பல. வக்கீல் பேச்ச எவன் நம்புவான்?" என்று சிரித்தார். "பியாட்ரிஸத்தான் பாத்தேன். சிரிச்சிக்கிட்டு நிக்கா. இங்கன நான் அவ பயந்துக்கிட்டு கெடப்பாளேன்னு தவிச்சிக்கிட்டு இருக்கேன். அவளே அவ்வளவு தைரியமா நிக்கும்போது, நான் எறங்கி ஓடியாந்தா நல்லாவா இருக்கும்?"

நான் பியாட்ரிஸைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கேன் மேடம். சீட்டு இல்லாமச் சொல்லுங்க. இந்தச் சண்ட சரியா, தப்பா?"

மன்றத்துக்கு வந்த இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "தப்பு கிளீட்டஸ். சட்டப்படியும் தப்பு, புத்திப்படியும் தப்பு. அந்தக் கப்பலுக்கு ஏதாவது ஆனா நான் நல்லா வாதாடுவேன். ஆனா அது ஆன பெறகுதான் வாதாட முடியும்," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பியாட்ரிஸ் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் தூங்கலங்க," என்றாள். "அக்கா எந்திரிக்கச் சொன்னாவன்னு எந்திரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய? பதினோரு நாளா கண்ண மூடல. சோறு எறங்கல. நீங்க வந்துருங்க."

காற்றுச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் மெதுவாக, "மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா," என்று கேட்டது. "சரி. வாரேன்."

பியாட்ரிஸ் போனை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினாள்.

ஏணியில் மாறியவர்கள்

ஐந்தாம் நாள் கிளீட்டஸ் ஊர் வந்து சேர்ந்தார். அதற்கு மறுநாள் பியாட்ரிஸ் லீவு கேட்டாள்.

"ஒரு நாள் போதுமா? இத்தன மாசம் கழிச்சு வந்திருக்காரு, சீலா மீன் கொழம்பு வைக்கவே ஒரு நாள் ஆகுமே," என்று கேலி செய்தேன்.

"அதுக்கு இல்லக்கா. மணப்பாட்டுக்குப் போவணும்."

விஷயம் இதுதான். கிளீட்டஸ் இடத்துக்கு ஒருவர் வேண்டும். அதே கம்பெனியின் இன்னொரு கப்பலிலிருந்து தவணை முடிந்து இறங்கிய இன்னாசி என்பவர், கப்பல் நின்ற இடத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஊருக்கு டிக்கெட் வருவதற்காகக் காத்திருந்தார். கடற்கரையோரம் எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டைச் சேர்ந்தவர். இந்த ஒரு பயணம் மட்டும் போய்விட்டு வா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டார். கிளீட்டஸை இறக்கி அழைத்துப் போக வந்த படகில்தான் அவர் வந்திருக்கிறார். கப்பலின் பக்கவாட்டு ஏணியில் இவர் இறங்கியதும் அவர் ஏறியிருக்கிறார். ஏறுவதற்கு முன் படகில் வைத்து, "ஊருக்குப் போனா எங்க வீட்டுல ஒரு எட்டு பாத்துட்டு வாங்க," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"நானும் வாரேன்," என்றேன். என் காரிலேயே போனோம்.

வழியில் உப்பளங்களில் அந்த வருடத்து வேலை தொடங்கியிருந்தது, கிளீட்டஸ் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தார். மணப்பாட்டில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துக் காரை நிறுத்தியதும், "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இங்கன நிக்கேன்," என்றார். பியாட்ரிஸ் கூப்பிட்டும் வரவில்லை. கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இன்னாசியின் மனைவி பெயர் சலேத் மேரி. முப்பத்தைந்து வயது இருக்கும். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்தாள். கூடத்தில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. செய்திச் சேனல்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் புதுத் துணி வைத்த பைகள் இருந்தன, அவர் வருவார் என்று வாங்கி வைத்தவை.

பியாட்ரிஸ் தான் யாரென்று சொன்னாள். சலேத் மேரி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்தக் கையை விடவும் இல்லை. என்ன கேட்பாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். உன் புருஷனுக்குப் பதிலாகத்தானே என் புருஷன் போனார் என்று கேட்டால் நாங்கள் என்ன பதில் சொல்வது? அவள் அப்படி எதுவும் கேட்கவில்லை. வழியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

பிறகு என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்க வக்கீலம்மாதான?" என்று கேட்டுவிட்டுத் தன் செல்போனை எடுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. அதே பட்டு, அதே விரல். "எங்க தெருவுல எல்லாருகிட்டயும் இருக்கு. பயம் வாரப்பல்லாம் போட்டுக் கேப்பேன். நாளைக்கு வெள்ளன கப்பல் உள்ள போவுதாம்."

"ம்," என்றேன்.

"கப்பலத் தொட மாட்டாவன்னு சொன்னியளே. நெசந்தானம்மா?"

பியாட்ரிஸ் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வேண்டுதல் இருந்தது, ஆனால் எதைச் சொல்லச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னாசி ஏறிவிட்டார். கையெழுத்து முடிந்துவிட்டது. இன்று உண்மையைச் சொன்னால் கப்பல் நிற்கப்போவதில்லை, இந்தப் பெண் நாளை காலை வரை செத்துப் பிழைப்பாள்.

"நெசந்தாம்மா. தொட மாட்டாங்க," என்றேன்.

சலேத் மேரி தலையை ஆட்டிவிட்டு, டிவியை அணைத்தாள். எங்களுக்குக் காபி போட எழுந்து போனாள்.

திரும்பி வரும்போது திருச்செந்தூர் தாண்டியதும் கிளீட்டஸ் கேட்டார், "என்ன சொன்னிய அவியகிட்ட?" என்று. நான் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுபடியும் ஒரு காகிதம்

கப்பல் பத்திரமாகக் கடந்துவிட்டது. மறுநாள் மதியம் பியாட்ரிஸுக்குத்தான் முதலில் செய்தி வந்தது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். வாசலில் காத்திருந்த கட்சிக்காரர் என்ன நினைத்தாரோ, வழக்கு தோற்றுவிட்டது என்று முடிவு செய்து, "பரவாயில்ல மேடம், அப்பீல் போவலாம்," என்றார்.

அதே வாரம் வேறு இரண்டு கப்பல்கள் தீப்பிடித்த படத்தைச் செய்தியில் பார்த்தேன். இரண்டும் வணிகக் கப்பல்கள். உலகம் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னாசியின் கப்பலைக் காத்தது நான் மேடையில் சொன்ன சட்டம் இல்லை, அந்தக் காலைப் பொழுதில் யாரும் அதைக் குறி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த மன்றத்துக்குத் தலைப்பு முடிவு செய்ய அழைத்தார்கள். டம்ளர் வந்தபோது எனக்குக் கை நீளவில்லை. இந்தத் தடவை நான் பார்வையாளர் வரிசையில் இருந்துகொள்கிறேன் என்றேன். தனராஜ் சார் என்னைத் தனியாக அழைத்து, "ஒடம்புக்கு என்னம்மா?" என்று கேட்டார். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கல் அடுக்குவது பற்றி அவர் சொன்ன பதில் காதில் விழுந்ததையும் சொன்னேன். "விழுந்துச்சா? நான் விழலன்னுல்லா நெனச்சேன்," என்று சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர்.

மூன்று வாரம் இருக்கும். அலுவலகத்திலிருந்து கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வக்கீலம்மா, நான் மணப்பாட்டுலேர்ந்து சலேத் மேரி பேசுதேன்."

அவளுடைய கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாராம். உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவிட்டார்களாம். இப்போது வெளியே வர வேண்டும். அதே ஜலசந்தி, அதே வழி. கம்பெனி மறுபடியும் காகிதம் கொடுத்திருக்கிறது. வர மாட்டேன் என்றால் அந்தத் துறைமுகத்திலேயே இறக்கி, தரை வழியாகப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பி, விமானம் ஏற்றிவிடுவார்களாம். இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

"அவிய போறேன்னுதான் நிக்காவ. ஒரு தடவ ஒண்ணும் ஆவலல்லா, வக்கீலம்மா வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போயிருக்காவல்லான்னு சொல்லுதாவ."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்துப் பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

"அம்மா, ஒங்க வீட்டுல வச்சு நான் சொன்னது பொய். கப்பலத் தொடுவாங்க. தொட்டிருக்காங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டு எனக்கு வேற சொல்ல வரல," என்றேன்.

அழப்போகிறாளோ என்று நினைத்தேன். ஆனால் குரல் நிதானமாகத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும்மா. நீங்க சொல்லும்போதே தெரியும். அன்னைக்கு அவிய கப்பல்ல ஏறிட்டாவ, இனிமே தைரியந்தான் வேணும்னு நானும் அதையே அவியளுக்குச் சொன்னேன். இன்னைக்கு அப்படி இல்ல. இன்னும் கையெழுத்துப் போடல."

"நான் என்னம்மா செய்யணும்?"

"நான் சொன்னா, பயந்துக்கிட்டுச் சொல்லுதாம்பாவ. நீங்க சொல்லுங்க. அவிய நம்பர் தாரேன், எழுதிக்கிடுங்க."

பியாட்ரிஸ் தன் மேசையிலிருந்து பேனாவோடு எழுந்து வந்தாள். நான் எழுதிக்கொண்டேன்.